வீட்டுச் சோப்பில் என்ன கோளாறு? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்க

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, அதை எண்ணெயில் ஊற்றிக் கலக்கி, அச்சில் ஊற்றி, வெட்டி, வாரக்கணக்கில் காயவைத்துச் செய்கிற சோப்புக்கானது இது. சோப் பேஸ் வாங்கி உருக்கி ஊற்றுகிறவர்களுக்கு, சோப்பு வியர்ப்பது பற்றிய பகுதி மட்டும்தான் பயன்படும். மற்ற கோளாறுகள் பெரும்பாலும் அவர்கள் பக்கமே வராது.

கோளாறு கண்ணில் படுவது வெட்டுகிற நாளில். ஆனால் பாதிக்கு மேல் அது நடந்து முடிந்திருப்பது தராசின் மேல். அதனால் அறிகுறி எதுவானாலும் முதலில் அன்றைக்கு எழுதி வைத்த தாளை எடுங்கள். எதைக் கிராமில் நிறுத்தீர்கள், எதை டம்ளரிலோ ஸ்பூனிலோ அளந்தீர்கள் என்று பாருங்கள். தாளே இல்லை என்றால், அடுத்த முறையாவது எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் கீழே சொல்வதில் எது உங்களுக்கு என்று பிடிக்கவே முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு தருகிறேன். தேங்காய் எண்ணெய் 250 கிராம், கடலை எண்ணெய் 200 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். ஒரு கிராம் எண்ணெய் முழுதாகச் சோப்பாக மாற, தேங்காய்க்கு 0.183 கிராம், கடலைக்கு 0.136, விளக்கெண்ணெய்க்கு 0.128 கிராம் காஸ்டிக் வேண்டும். பெருக்கிக் கூட்டினால் 79 கிராம் சொச்சம். தோலுக்கு இதமாக இருக்கக் கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்ச வேண்டும் என்பதால் 5 சதவீதம் குறைத்தால் 75 கிராம். தண்ணீர் அதைப்போல இரண்டு பங்கு, 150 கிராம். உங்கள் செய்முறை இதிலிருந்து வெகுதூரம் விலகி, ஏன் விலகியது என்று உங்களுக்கே சொல்லத் தெரியாவிட்டால் சந்தேகத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

எதற்கும் முன்னால்: காரம் மிஞ்சியிருக்கிறதா?

வெட்டி இரண்டு நாளாவது ஆன கட்டியில், ஈர விரலை நன்றாகத் தேய்த்து, அந்த விரலை நாக்கு நுனியில் தொட்டும் தொடாமலும் வைத்துப் பாருங்கள். வெறும் சோப்பு ருசி என்றால் கவலையில்லை. 9 வோல்ட் பேட்டரியின் முனைகளை நாக்கில் வைத்தது மாதிரி சுரீர் என்று இழுத்தால் காஸ்டிக் மிஞ்சியிருக்கிறது. வாயைக் கொப்பளித்துவிட்டு அந்தக் கட்டியை இன்னும் ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். சோப்பாகும் வேலை சில சமயம் மெதுவாகத்தான் முடியும். ஒரு வாரம் கழித்தும் சுரீர் என்றால் அளவில்தான் தப்பு. கட்டிக்குள் நீர் கசிந்து நின்றால் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். அது சோப்பாகாமல் நிற்கிற லையாக, அதாவது காஸ்டிக் கரைத்த தண்ணீராக இருக்கலாம், நாக்குக்குப் போகக் கூடாது.

பிஎச் தாளை வைத்துப் பயந்து போகிறவர்கள் நிறைய. சரியாகச் செய்த சோப்பே 9, 10 என்றுதான் காட்டும். 7-க்கு இறங்கவில்லையே என்று எலுமிச்சம்பழம் பிழிந்து ஊற்றினால் சோப்பு உடையும், அவ்வளவுதான். ‘பிஎச் 5.5 கைவினைச் சோப்பு’ என்று எழுதி விற்றால், அது காஸ்டிக்கில் செய்த சோப்பாக இருக்க வாய்ப்பில்லை.

லை கரைக்கும்போதே கலங்கல், அல்லது பாத்திரம் கறுத்துப் பொங்கியது

காஸ்டிக்கைப் போட்டதும் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும், சூடு 80 டிகிரியைத் தாண்டும். சில நிமிடங்களில் கண்ணாடி போலத் தெளிந்துவிட வேண்டும். கால் மணி நேரமாகியும் அடியில் வெள்ளைப் படிவு நின்றால், நீங்கள் ஊற்றியது போர் தண்ணீர்; உப்புகள் படிகின்றன. காய்ச்சி வடித்த தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ போதும். பாத்திரம் கறுத்து, சாம்பல் நுரை பொங்கினால் அது அலுமினியம். கிளம்புவது ஹைட்ரஜன், தீப்பற்றும் வாயு. அடுப்பு அருகில் எரிந்தால் அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, விலகி நில்லுங்கள். எவர்சில்வரோ, அடியில் 5 என்று அச்சிட்ட பாலிபுரொப்பிலீன் டப்பாவோதான் இந்த வேலைக்கு.

காஸ்டிக்கைத் தண்ணீரில் போடுங்கள், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றாதீர்கள் என்பதை எல்லாரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: தெளிந்த லை பார்க்கக் குடிதண்ணீர் மாதிரியே இருக்கும். சொம்பிலோ டம்ளரிலோ கரைத்து மேடையில் ஆற வைத்தால், தாகத்தில் வருகிற பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. மூடியும் எழுத்தும் உள்ள டப்பாவில், கை எட்டாத இடத்தில் ஆற வையுங்கள். மேலே தெறித்தால் குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் நிறைய நேரம் கழுவுவதுதான் வைத்தியம்; வினிகர் தடவக் கூடாது. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

கலக்கிக்கொண்டே இருக்கிறேன், கெட்டிப்படவில்லை

மத்தாலோ கரண்டியாலோ கலக்கினால் முக்கால் மணி நேரம்கூட ஆகும், அது கோளாறில்லை. ஹேண்ட் பிளெண்டரில் பத்து நிமிடம் தாண்டியும் தோசை மாவுப் பதத்துக்கு வரவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

காஸ்டிக் டப்பாவைப் பாருங்கள். செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டியாகி, ஈரம் கசிந்திருந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துவிட்டது. 75 கிராம் நிறுத்தாலும் வேலை செய்யும் காஸ்டிக் அதைவிடக் குறைவு. மழைக்காலத்தில் பாதி திறந்து கிடந்த பாக்கெட்டில் இது சகஜம். சாக்கடை அடைப்பு நீக்க விற்கிற பொடிகளில் வேறு சரக்கும் கலந்திருக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது எண்ணெய். தலைக்குத் தேய்க்கிற வாசனை எண்ணெய்கள் பலவற்றில் மினரல் ஆயில் இருக்கும். பாட்டிலின் பின்பக்கம் ‘லிக்விட் பாரஃபின்’ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அது பெட்ரோலிய எண்ணெய். எவ்வளவு கலக்கினாலும் சோப்பாகாது. அதற்கென்று நீங்கள் போட்ட காஸ்டிக் அப்படியே மிஞ்சும். பூஜைக் கடையில் விற்கிற தீப எண்ணெயும் இதே கதை, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியாது. சமையலுக்கு வாங்குகிற எண்ணெயில் செய்யுங்கள்.

கண் மூடித் திறப்பதற்குள் கெட்டியாகிவிட்டது

பத்துக்கு எட்டு தரம் காரணம் வாசனை. கிராம்பு எண்ணெயும் லவங்கப்பட்டை எண்ணெயும் கலவையைச் சட்டென்று இறுக்கும். மல்லிகை, ரோஜா என்று விற்கிற செயற்கைப் பூ வாசனைகளில் பலவும் அப்படியே. மெழுகுவர்த்திக்கும் ஊதுபத்திக்கும் செய்த சென்ட்டைச் சோப்பில் ஊற்றினால் என்ன நடக்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கலக்கும்போதே இப்படி ஆனால் பதறாமல், கரண்டியால் அள்ளி அச்சில் அழுத்துங்கள். அழகு போகும், சோப்பு போகாது. அடுத்த முறை எண்ணெயையும் லையையும் 35 டிகிரி அருகே ஆறவிட்டு, பிளெண்டரை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, வாசனையைக் கடைசியில் கரண்டியால் மட்டும் கலக்குங்கள். சித்திரை வெயிலில் சமையலறையே 35 டிகிரி இருக்கும்போது அதற்குக் கீழே ஆறாது; விடியற்காலையில் செய்வது நல்லது. வாசனை எண்ணெய் எண்ணெயின் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.

அச்சில் எழும்பியது, நடுவில் வெடித்தது

உள்ளே சூடு ஏறிவிட்டது. பால், தேங்காய்ப் பால், தேன், வெல்லம் என எதில் சர்க்கரை இருந்தாலும் சூடு கூடும். செக்கு நல்லெண்ணெயில் இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை: எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுகிற வழக்கம் நம் செக்குகளில் உண்டு. தெளியாத எண்ணெயின் அடி வண்டலையும் சேர்த்து ஊற்றினால் சோப்பு கறுக்கும், சூடும் ஏறலாம். சில நாள் தெளியவிட்டு மேலாக இறுத்து எடுங்கள்.

பால் சோப்பு ஆரஞ்சு நிறமாகி அம்மோனியா வாடை அடித்தால் பால் கருகியிருக்கிறது. பாலை ஐஸ்கட்டியாக உறைய வைத்து, அதன் மேல் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரைத்தால் தப்பிக்கலாம். வாடை காயக் காயப் போய்விடும். நிறம் போகாது.

பொங்கி வழியத் தொடங்கினால் போர்வையை எடுத்துவிட்டு அச்சை மின்விசிறிக்கு நேரே வையுங்கள். நம் ஊர் வெயிலில் துண்டு சுற்றி மூடி வைக்கும் வேலையே பெரும்பாலும் தேவையில்லை. குளிர்நாட்டு வீடியோ பார்த்துச் செய்வதால் வருகிற பழக்கம் அது.

வெட்டினால் மேலே எண்ணெய், அடியில் கெட்டி

பதம் வருவதற்கு முன்பே ஊற்றியிருக்கிறீர்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மார்கழியில் செய்கிறவர்களை ஒன்று ஏமாற்றும்: தேங்காய் எண்ணெய் 24 டிகிரி சுமாருக்குக் கீழே உறையும், அந்த உறைவைக் கலவை கெட்டிப்பட்டதாக நினைத்து ஊற்றிவிடுவார்கள். அச்சுக்குள் சூடு ஏறியதும் எண்ணெய் உருகிப் பிரிந்து நிற்கும். பிரிந்ததை மொத்தமாகப் பாத்திரத்துக்கு மாற்றி, கொதிநீர் மேல் வைத்து உருக்கி, மறுபடி பிளெண்டர் போடுங்கள். எதையும் கொட்டாதீர்கள். மேலே நின்ற எண்ணெயைத் தனியே வடித்து எறிந்தால் மிச்சத்தில் காரம் மிஞ்சிவிடும்.

மூன்று நாளாகியும் அச்சை விட்டு வரவில்லை

நுங்கு மாதிரி அமுங்கினால் தண்ணீர் அதிகம். எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சோற்றுக்கற்றாழைச் சதை, குப்பைமேனிச் சாறு, ரோஜாத் தண்ணீர் எல்லாம் 150 கிராம் கணக்குக்குள் அடங்க வேண்டும், அதற்கு மேலே அல்ல. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் கூடி, தேங்காய் எண்ணெய் கால்வாசிக்குக் கீழே இறங்கியிருந்தாலும் இப்படித்தான். ஒரு வாரம் பொறுங்கள். ஃப்ரீஸரில் சில மணி நேரம் வைத்தால் அச்சை விட்டுக் கழலும். அதற்குப் பிறகும் பிசுபிசுவென்று எண்ணெயாகவே இருந்தால் காஸ்டிக் குறைந்துவிட்டது.

உடைகிறது, பொடிகிறது

இதில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் ஆபத்தானதும் ஆபத்தில்லாததும் ஒரே முகத்தோடு வரும்.

முழுக்கத் தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு சீக்கிரம் கல்லாகிவிடும். மறுநாள் மாலை கத்தி வைத்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும். நாக்கில் வைத்தால் சுரீர் என்று இழுக்காது. ஊற்றிய சில மணி நேரத்தில், கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே வெட்டியிருக்க வேண்டும், வேறு குற்றமில்லை.

சுரீர் என்றால் விஷயம் வேறு. நம் ஊரில் இதற்கு மிகச் சாதாரணமான காரணம் லிட்டர் பாக்கெட். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். அதை 1000 கிராம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 5 சதவீதம் குறைத்தது போக 174 கிராம் காஸ்டிக் என்று வரும். ஆனால் 910 கிராம் எண்ணெய் துளி மிஞ்சாமல் சோப்பானாலே 166 கிராம் சொச்சம்தான் குடிக்கும். மிஞ்ச வேண்டிய எண்ணெயும் மிஞ்சாது, அதற்கு மேல் ஏழு எட்டு கிராம் காஸ்டிக் அப்படியே நிற்கும். பாக்கெட்டைப் பிரித்து ஊற்றியதோடு சரி, தராசில் வைக்கவே இல்லை. கணக்கு மட்டும் தாளில் சுத்தமாக இருக்கும்.

இப்படி நடந்திருப்பது தெரிந்தால் சரிசெய்வது சுலபம். விடுபட்ட 90 கிராம் தேங்காய் எண்ணெயைச் சேர்க்க வேண்டும். சோப்பைத் துருவி, கையுறை போட்டுக்கொண்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கொதிநீர் மேல் வைத்து மூடி உருக்குங்கள். எண்ணெயை ஊற்றி, கூழ் பதமாக ஒன்று சேரும்வரை கிளறி, அச்சில் அழுத்துங்கள். சொரசொரப்பாக வரும். நாட்டுச் சோப்பு மாதிரி இருக்கிறது என்று சிலர் அதைத்தான் விரும்பி வாங்கிப் போகிறார்கள். எவ்வளவு மிஞ்சியது என்று கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் குத்துமதிப்பாக எண்ணெய் ஊற்றிக் குளிக்கக் கொடுக்காதீர்கள்.

சோப்பை வெட்டிய பக்கத்தில் வெள்ளைக் கற்கள் தனித்தனியாகத் தெரிந்து, அந்த இடம் மட்டும் சுரீர் என்றால் காஸ்டிக் முழுதாகக் கரையவில்லை. லையை எவர்சில்வர் வடிகட்டியில் வடித்து ஊற்றியிருந்தால் நேர்ந்திருக்காது. நலங்கு மாவு, கடலை மாவு, முல்தானி மெட்டி என்று பொடிகளை அள்ளிப் போட்டாலும் சோப்பு உதிரும். 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு மேஜைக்கரண்டிக்கு மேல் தாங்காது. பொடி கூடக் கூட நல்லது என்ற நினைப்பில்தான் வீட்டுச் சோப்பு அதிகம் கெடுகிறது என்பேன்.

மேலே வெள்ளைப் பூச்சு

திருநீறு பூசியது போல மெல்லிசாக, மேல்பக்கம் மட்டும் இருந்தால் அது சோடா சாம்பல்; காற்றின் கரியமில வாயுவோடு மேலே நின்ற காஸ்டிக் சேர்ந்ததில் வந்தது. கெடுதலில்லை. ஆவியில் காட்டினாலோ ஈரத்துணியால் துடைத்தாலோ போகும். ஊற்றியதும் முதல் நாள் மூடி வைத்தால் குறையும்.

சோப்பு வியர்க்கிறது

ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலும் கடலோர ஊர்களிலும் முத்து முத்தாக நீர் பூக்கும். சோப்புக்குள் இயல்பாக உண்டாகிற கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. சோப் பேஸில் கிளிசரின் இன்னும் அதிகம் என்பதால் அங்கே இது நித்தியப் பிரச்சினை. மழை விடும்வரை மின்விசிறி ஓடுகிற அறையில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் இரட்டிப்பாக வியர்க்கும். நன்றாகக் காய்ந்த சோப் பேஸ் கட்டிகளை உடனே பிளாஸ்டிக் படலத்தில் சுற்றலாம். காஸ்டிக் சோப்பைக் காய்கிற நான்கு முதல் ஆறு வாரமும் சுற்றக் கூடாது.

ஆரஞ்சுப் புள்ளி, காறல் வாடை

ஒரு மாதமோ மூன்று மாதமோ கழித்து வருவதால் யாரும் செய்முறையைச் சந்தேகிக்க மாட்டார்கள். எண்ணெய் ஊசிப்போவதுதான் இது. சூரியகாந்தி எண்ணெய் அதிகம் போட்ட சோப்பில் சீக்கிரம் வரும். பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயில் செய்தால் இன்னும் சீக்கிரம். தோலுக்கு நல்லது என்று 10, 12 சதவீதம் எண்ணெயை மிஞ்சவிடுவதும் இந்த ஈரக் காற்றில் வினை. இரும்பு ஜல்லடைத் தட்டில் காய வைத்தீர்களா? புள்ளிகள் கம்பி பட்ட இடத்தில் வரிசையாக வந்திருக்கும். மூங்கில் தட்டோ பிளாஸ்டிக் தட்டோ மாற்றுங்கள்.

புள்ளி வந்த கட்டியைத் தனியே எடுத்து, வாடை வராத இடத்தை வெட்டி நீங்களே பயன்படுத்தித் தீர்க்கலாம். பரிசாகக் கொடுக்காதீர்கள். அடுத்த முறைக்கு ஒரு தடுப்பு: 1000 கிராம் எண்ணெய்க்கு 10 கிராம் சிட்ரிக் ஆசிட்டைத் தண்ணீரில் முதலில் கரைத்து, அது குடிக்கிற அளவான 6 கிராம் காஸ்டிக்கைக் கூடுதலாகச் சேர்த்துக் கொள்ளுங்கள். உலோகத் துகள் செய்கிற கெடுதலை அது கட்டிப்போடும்.

போட்ட நிறம் ஒன்று, வந்த நிறம் ஒன்று

மஞ்சள்தூள் லை பட்டதும் குங்குமமாகச் சிவக்கும். சில நாளில் ஆரஞ்சு மஞ்சளுக்கு இறங்கும், வெளிச்சத்தில் மெல்ல வெளிறும். செம்பருத்திப் பூவும் பீட்ரூட்டும் பழுப்பாகும், அதற்கு மருந்தில்லை. வேப்பிலைப் பச்சை வெயிலில் காய்ந்த இலை நிறத்துக்குப் போகும். நிற்கிற நிறம் வேண்டுமானால் நீலத்துக்கு அவுரிப் பொடி, இளஞ்சிவப்புக்கு மஞ்சிட்டி. நடுவில் மட்டும் வட்டமாகக் கருநிறம் இருந்தால் நடுப்பகுதி மட்டும் சூடேறி ஓரம் ஆறியிருக்கிறது. பயன்பாட்டில் வித்தியாசம் இல்லை.

நுரையே வரவில்லை

சோப்பைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு மக்கில் தண்ணீர் பிடியுங்கள். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் ஆர்ஓ தண்ணீர். ஒரே கட்டியால் இரண்டிலும் கை கழுவிப் பாருங்கள். ஆர்ஓவில் நுரைத்து, போரில் தயிர் திரிந்தது போல வெள்ளைத் துகள் மிதந்தால் சோப்பு நன்றாக இருக்கிறது. தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும்தான் சோப்பைப் பிடித்துக்கொள்கின்றன. மேலே சொன்ன சிட்ரிக் ஆசிட் இதற்கும் கை கொடுக்கும். தேங்காய் எண்ணெயைப் பாதிக்கு உயர்த்தி, விளக்கெண்ணெயை 5 முதல் 10 சதவீதத்துக்குள் வைத்தால் கடினத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். அதற்கு மேல் விளக்கெண்ணெய் ஊற்றினால் கட்டி கொழகொழத்துப் போகும்.

இரண்டு மக்கிலும் நுரை வராவிட்டால் சோப்பு வயதாகவில்லை, அல்லது எண்ணெய் மிஞ்சிவிட்டது. காயப் போட்டு ஆறு வாரம் தாண்டாத சோப்பென்றால் இன்னும் இரண்டு வாரம் தட்டில் விடுங்கள். தலைக்குத் தேய்த்து முடி பிசுபிசுத்துப்போனவர்களுக்கு: போர் தண்ணீர் வீட்டில் இந்தச் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் கடைசியில் ஒரு மக் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து அலசுங்கள்.